லெஸ்பியன் துப்பறிவாளர் தொடர்கள்: கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் ஏன் படிக்கிறோம்?

பின்னிரவு_வாசகி எழுதியது:

கடந்த சில மாதங்களாகக் கேதரின் வி. ஃபாரஸ்ட் எழுதிய கேட் டெலஃபீல்ட் நாவல்களை வரிசையாகப் படித்து வருகிறேன். கேட், லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையில் கொலை வழக்குகளைப் புலனாய்வு செய்பவள். அதற்கு முன் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து வியட்நாமில் பணியாற்றியவள். பெண்ணை நேசிக்கும் பெண். 1984இல் வெளிவந்த முதல் நாவலான ‘அமெச்சூர் சிட்டி’ தொடங்கும்போது, தன்னோடு வாழ்ந்த ஆன் என்பவளைக் கார் விபத்தில் இழந்து, அந்தத் துக்கத்தை வேலையிடத்தில் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறாள். வில்ஷயர் சாலையில் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தில் உயரதிகாரி ஒருவர் கொல்லப்படுகிறார். விசாரிக்கப் போகிறவள் அத்தனை பேரிடமும் அவர்களுடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்கிறாள். அவளிடம் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

நான் சிறு வயதிலிருந்தே துப்பறியும் கதைகளைப் புதிருக்காகப் படிப்பவள். கொலையாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது என் வழக்கம். இந்த வரிசையில் இரண்டு நாவல்களில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, ஆனால் மூடி வைக்க மனம் வரவில்லை. முடித்த கையோடு அடுத்ததை எடுத்தேன். இத்தகைய தொடர்களை நீண்ட நாளாகப் படித்து வருபவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்: இவற்றில் நம்மைப் பிடித்து வைப்பது குற்றமா, துப்பறிகிறவளின் வாழ்க்கையா? காதல் கதையாகவே எழுதியிருந்தால் இதே ஈர்ப்பு இருந்திருக்குமா? முடிவுகளை வெளிப்படுத்தாமல் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய_பிரதி எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகள் 1950களில் மலிவுப் பதிப்புகளாக இலட்சக்கணக்கில் விற்றன. ஆனால் அவற்றின் முடிவு எழுதுகிறவர் கையில் இருக்கவில்லை. 1952இல் வின் பாக்கர் என்ற புனைபெயரில் வந்த ‘ஸ்பிரிங் ஃபயர்’ நாவலுக்கு மகிழ்ச்சியான முடிவு கூடாது என்று பதிப்பாசிரியர் நிபந்தனை விதித்தார். அஞ்சல்துறை அந்தப் புத்தகத்தை ஆபாசம் என்று தடுத்துவிடும் என்ற பயமே காரணம். அந்தக் காலத்துக் கதைகளில் இரண்டு பெண்களில் ஒருத்தி சாவாள், அல்லது புத்தி பேதலிப்பாள், அல்லது மனம் திருந்தி ஓர் ஆணை மணந்துகொள்வாள். படிக்கிற பெண்ணுக்குக் கடைசி இருபது பக்கங்கள் எப்போதும் தண்டனைதான்.

துப்பறியும் தொடர் அந்த ஏற்பாட்டை அதன் வடிவத்தாலேயே உடைத்தது. அடுத்த நாவலில் அவள் வேண்டும். ஆகவே இந்த நாவலில் அவள் சாக முடியாது. சாவு இருக்கும், ஆனால் அது அவளுக்கு நேர்வதன்று; அது அவள் விசாரிக்கும் ஒன்று. தனக்கு என்ன நேருமோ என்று நடுங்கும் இடத்தில் இருந்த பெண், என்ன நேர்ந்தது என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். நான் முதன்முதலில் இப்படிப்பட்ட நாவல் ஒன்றை வாங்கியபோது, பின்னட்டையின் உட்பக்கத்தில் அதே கதாநாயகியின் அடுத்த கதைக்கான அறிவிப்பு ஒரு சிறிய கட்டத்துக்குள் அச்சாகியிருந்தது. கதையைத் தொடங்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டு, நெடுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் பிழைத்திருக்கிறாள் என்பதற்கு அதைவிடப் பெரிய உறுதிமொழியை அதுவரை எந்தப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை.

காதல் கதை இருவரும் சேர்வதோடு முடிந்துவிடும். தொடர் அதற்குப் பிறகு வரும் வருடங்களைக் காட்டுகிறது. கேட் டெலஃபீல்டை 1984இல் பார்த்தவர்கள் 2013இல் வந்த ‘ஹை டெசர்ட்’ நாவலில் அவளை ஓய்வுபெற்றவளாக, குடிப்பழக்கத்தோடு மல்லுக்கட்டுகிறவளாக, நீண்ட காலத் தோழி ஒருத்தியின் மரணப் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்திருப்பவளாகப் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற ஒருத்தி முதுமை அடைவதை, அதுவும் ஒரே எழுத்தாளரின் கையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல முதுமை அடைவதைப் படிக்கக் கொடுத்த வேறு வடிவம் எனக்குத் தெரியவில்லை.

கூண்டுச்_சாட்சி எழுதியது:

பழைய_பிரதி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பிழைத்திருப்பது மட்டுமே காரணம் என்றால் அவளை ஒரு மருத்துவராகவோ ஆசிரியையாகவோ வைத்துத் தொடர் எழுதினாலும் போதுமே. துப்பறியும் வேலைக்கும் ஒளிந்து வாழும் வாழ்க்கைக்கும் ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது. தன்னை மறைத்துக்கொண்டு வாழும் ஒருத்தி, எதிரே இருப்பவர் எதைச் சொல்லாமல் விடுகிறார், எந்தப் பெயர் வரும்போது பேச்சை மாற்றுகிறார், யார் யாரைப் பார்க்காமல் தவிர்க்கிறார் என்பதையெல்லாம் கவனித்தே வளர்ந்தவள். அவள் பிழைப்பதற்காகக் கற்ற கலை, புலனாய்வில் அவளுடைய தொழில் திறமையாக மாறிவிடுகிறது. அதே சமயம், பிறர் இரகசியத்தை வெளியே இழுத்துப் போடுவதற்குச் சம்பளம் வாங்கும் அவளுக்குத் தன் இரகசியம் வெளியே வந்தால் வேலையே போய்விடக்கூடும்.

1987இல் வந்த ‘மர்டர் அட் த நைட்வுட் பார்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கூடும் மதுக்கடை ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். உள்ளே இருக்கும் பெண்களுக்குப் போலீஸ் என்றாலே வெறுப்பு. அந்த வெறுப்புக்கு நியாயமான காரணங்களும் உண்டு. கேட் தன் சக அதிகாரியான எட் டெய்லரோடு அங்கே போகிறாள். அவள் தங்களில் ஒருத்தி என்பது அந்தப் பெண்களுக்குப் புரிகிறது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிகிறது. பக்கத்தில் நிற்கும் டெய்லரின் காதுபட எதையும் பேசிவிட முடியாது. கேள்விகள் எல்லாம் கொலையைப் பற்றியவை. பார்வைகளோ வேறொன்றைக் கேட்கின்றன. அந்த விசாரணையை மூன்று முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவளுக்காக என் மூச்சு அடைக்கிறது.

இது மிகையன்று. அடுத்த ஆண்டே, 1988இல், அதே லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையில் சார்ஜண்டாக இருந்த ஒருவர், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே துன்புறுத்தி வெளியேற்றினார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 1993இல் அது சமரசத்தில் முடிந்தது. அந்தச் சூழலுக்கு நடுவில்தான் ஃபாரஸ்ட் 1991இல் ‘மர்டர் பை ட்ரெடிஷன்’ எழுதினார். ஓர் இளைஞன் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறான். அவன் தன்பாலீர்ப்பாளன், என்னிடம் தவறாக நடக்க வந்தான், தற்காப்புக்காகக் குத்தினேன் என்கிறான் குற்றம் சாட்டப்பட்டவன். கதையின் பெரும்பகுதி நீதிமன்றத்திலேயே நடக்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்கும் கேட்டுக்கு, செத்தவனின் வாழ்க்கையோடு சேர்ந்து தன் வாழ்க்கையும் அங்கே விரித்துப் போடப்படலாம் என்ற அச்சம். யார் கொன்றது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிற கதை அது. நீங்கள் கேட்டதற்கு அதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. அந்த வகை எதிர்வாதத்தைச் சட்டம் இயற்றித் தடுத்த முதல் அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியா. அதுவும் 2014இல்தான், நாவல் வந்து 23 ஆண்டுகள் கழித்து.

வடகரை எழுதியது:

இரண்டு பதில்களும் நன்றாக இருக்கின்றன. ஆயினும் ஒரு தொடரை வைத்துக்கொண்டே எல்லாத் தொடர்களுக்கும் விளக்கம் சொல்வது சரியன்று. மறைத்து வாழ்வதன் வலிதான் ஈர்ப்பு என்றால், எதையும் மறைக்காதவள் ஏன் நம்மை இழுக்கிறாள்?

வால் மெக்டெர்மிட் 1987இல் லண்டனின் விமன்ஸ் பிரஸ் பதிப்பகம் வழியாக வெளியிட்ட ‘ரிப்போர்ட் ஃபார் மர்டர்’ நாவலின் லிண்ட்சே கோர்டன் அப்படிப்பட்டவள். ஸ்காட்லாந்துக்காரி, பத்திரிகையாளர், சோஷலிஸ்ட், பெண்ணியவாதி, லெஸ்பியன். இவற்றில் ஒன்றையும் அவள் ஒளிப்பதில்லை. கையில் காசில்லாததால், டெர்பிஷயரில் உள்ள செல்வந்தர் வீட்டுப் பெண்கள் படிக்கும் விடுதிப் பள்ளியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறாள். அங்கே கச்சேரி செய்ய வந்த செல்லோ கலைஞர், செல்லோவின் கம்பியாலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறார். அந்தப் பள்ளியில் லிண்ட்சேயை உறுத்துவது அவளுடைய காதல் அன்று; அவள் பிறந்த வர்க்கம். 1989இல் வந்த ‘காமன் மர்டர்’ அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பெண்கள் கூடாரம் போட்டுப் போராடும் ஒரு முகாமில் நடக்கிறது. இங்கிலாந்தில் 1981 முதல் 2000 வரை நீடித்த கிரீனம் காமன் பெண்கள் முகாமை அறிந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும். பத்திரிகைக்குச் செய்தி கொடுக்க வேண்டிய கடமைக்கும் முகாமின் தோழிகளுக்கு உண்மையாக இருக்க வேண்டிய கடமைக்கும் நடுவில் அவள் படும் பாடுதான் கதை.

பார்பரா வில்சனின் ‘மர்டர் இன் த கலெக்டிவ்’ (1984) இன்னும் வேறு மாதிரி. சியாட்டிலில் கூட்டுறவாக அச்சகம் நடத்தும் பாம் நில்சனின் குழுவும், லெஸ்பியன் பெண்கள் நடத்தும் அச்சுக்கோப்பகம் ஒன்றும் இணைவதாகப் பேச்சு நடக்கும்போது கொலை விழுகிறது. பாம் தான் யாரை நேசிக்கிறாள் என்பதை அந்தக் கதையின் ஓட்டத்திலேயே உணர்கிறாள். குற்றத்தைத் துப்பறிவதும் தன்னைத் துப்பறிவதும் அங்கே ஒன்றாக நடக்கின்றன. வில்சன் சீல் பிரஸ் பதிப்பகத்தை 1976இல் தொடங்கியவர்களுள் ஒருவர் என்பதால், யார் பணம் போடுவது, யார் இரவில் தங்கி வேலையை முடிப்பது, கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசுவது போன்ற சிறு பூசல்கள் எல்லாம் அச்சு மையின் வாசனையோடு வருகின்றன. டெலஃபீல்ட் நாவல்களை வெளியிட்ட நயாட் பிரஸ்ஸும் பெண்களே நடத்தியதுதான். எழுதியவர், அச்சிட்டவர், விற்றவர், வாங்கியவர் எல்லோரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்த காலம் அது, அந்தத் தேடலின் சூடு பக்கங்களில் இருக்கிறது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுள் பல நாவல்களில் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கொள்கை விளக்கம் தருகின்றன. அப்படிப்பட்ட பக்கங்களை நான் தாண்டிப் போயிருக்கிறேன். கறுப்பினப் பெண்ணான வர்ஜீனியா கெல்லியை நாயகியாக வைத்து நிக்கி பேக்கர் 1991இல் ‘இன் த கேம்’ எழுதும் வரை, இந்த உலகம் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களின் உலகமாகவே இருந்தது. அப்படியும் நான் படித்தேன், இப்போதும் படிக்கிறேன். கூடி வாழும் ஒரு பெண்கள் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் உணர்வு எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

இருமொழிக்காரி எழுதியது:

ஒரு சிறு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். லாரி ஆர். கிங் எழுதிய ‘எ கிரேவ் டாலன்ட்’ (1993) கேட் மார்ட்டினெல்லி தொடரின் முதல் நாவல். அமெரிக்காவில் துப்பறியும் கதைகளுக்குத் தரப்படும் எட்கர் விருதைச் சிறந்த முதல் நாவல் என்ற பிரிவில் பெற்றது. சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் அதிகாரியான இந்தக் கேட்டும் தன் வீட்டு வாழ்க்கையை வேலையிடத்திலிருந்து மறைக்கிறாள். அவளோடு வாழ்பவரின் பெயர் லீ. ஆங்கிலத்தில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். நாவலில் நெடுந்தூரம் போகும் வரை லீ ஆணா பெண்ணா என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. கேட் தன் மூத்த அதிகாரி அல் ஹாக்கினிடம் எப்படி மறைக்கிறாளோ, அப்படியே நாவலும் நம்மிடம் மறைக்கிறது.

அந்த நாவலின் தொடக்க அத்தியாயங்கள் சிலவற்றை என் பயிற்சிக்காகத் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். முதலில் எளிது என்று நினைத்தேன், ஏனென்றால் ‘அவர் வந்தார்’ என்று எழுதினால் பால் தெரியாது. ஆங்கிலத்தில் ஆசிரியர் சுற்றி வளைத்து எழுத வேண்டியதை நம் மரியாதைப் பன்மை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. ஆனால் இரண்டு பக்கம் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது. ஒரு பெண்ணின் வீட்டில் இருப்பவரை ‘அவர்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் மனத்தில் கணவன் வந்து உட்கார்ந்துவிடுகிறான். நான் மறைக்கவில்லை, பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உரையாடல்களில் தொல்லை இல்லை, ‘நீ வந்தாய்’ என்பதற்குப் பால் கிடையாது. கதை சொல்லும் வாக்கியங்களில்தான் சிக்கல். பிறகு ‘லீயின் கை’, ‘லீயின் குரல்’ என்று வினைமுற்றே வராதபடி எழுதிப் பார்த்தேன். உண்மை தெரியும் இடத்தில் முதன்முறையாக ‘அவள்’ என்று எழுதியபோது, கேட் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் காலணியைக் கழற்றும் நிம்மதி எனக்கே வந்தது.

முதல் நாவலின் இறுதியில் லீக்கு நேர்வதை இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நாவல்கள் அதை மறந்துவிட்டு மேலே போவதில்லை; மீண்டு எழுவதற்கு எத்தனை காலம் ஆகுமோ அத்தனை காலத்தை எடுத்துக்கொள்கின்றன. பழைய_பிரதி சொன்ன ‘பின் வரும் வருடங்கள்’ இதுதான்.

பின்னிரவு_வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘மர்டர் பை ட்ரெடிஷன்’ நாவலைச் சென்ற மாதம்தான் முடித்தேன். கொலையாளி தெரிந்தும் ஏன் விடிய விடியப் படித்தேன் என்பது கூண்டுச்_சாட்சி சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குகிறது. வடகரை சொல்லும் குறையை நானும் உணர்ந்திருக்கிறேன், ஆனால் எனக்கு அந்தக் கொள்கைப் பேச்சுகளும் பிடித்திருக்கின்றன. அவற்றை உரக்கப் பேச ஓர் இடம் இல்லாதவர்கள் அங்கே பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ‘எ கிரேவ் டாலன்ட்’ என்னிடம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் படித்தபோது லீயை நான் எந்தப் பக்கம் வரை ஆண் என்று நினைத்திருந்தேன் என்பது நினைவில்லை. இன்றிரவு பென்சிலோடு உட்கார்ந்து, லீ வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடு போடப் போகிறேன். இருமொழிக்காரி, அந்த அத்தியாயங்களின் மொழிபெயர்ப்பை முடித்துவிட்டீர்களா?

இருமொழிக்காரி எழுதியது:

மூன்று அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. நான்காவதில் லீயைப் பற்றி ஒரு நீண்ட பத்தி வருகிறது. வினைமுற்று இல்லாமல் அதை எப்படிக் கடப்பது என்று இன்னும் வழி தெரியவில்லை. நீங்கள் கோடு போட்டு முடித்ததும் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.