அட்டை மாறினால் கதை மாறிவிடுமா? சிறுவர் தொடர் வாசிக்கும் பெரியவர்கள் பற்றி

படுவான்கரையான்:
சென்ற ஞாயிறு மட்டக்களப்பில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். சிறப்புரை ஆற்ற வந்தவர் வெளியிட்ட நூலை ஓரமாக வைத்துவிட்டு, நாற்பது வயது தாண்டியும் சிறுவர் தொடர்களை வாசிப்பவர்களுக்கு வாசிப்பில் இன்னும் மீசை முளைக்கவில்லை என்று பேசினார். அவர் காட்டிய ஆதாரம் ஒன்றே ஒன்று. ஹரி பொட்டரின் முதல் பாகம் 1997இல் வந்தது. அடுத்த ஆண்டே புளூம்ஸ்பெரி பதிப்பகம் பெரியவர்களுக்கென்று வேறு அட்டை போட்டு விற்றது. வெட்கம் இல்லாவிட்டால் வேறு அட்டை எதற்கு என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அட்டைக்குள் கதை ஓர் எழுத்தும் மாறவில்லை. அதே ஹரி, மாடிப்படிக்குக் கீழே அதே இருட்டறை. வண்ணச் சித்திரம் இருந்த இடத்தில் கறுப்பு வெள்ளை நீராவி ரயில், அவ்வளவுதான். கேள்வி நேரத்தில் எனக்கு ஒலிவாங்கி தரவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

கோட்டமுனை வாசகன்:
கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஓர் எழுத்தும் மாறவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அட்டை ஏன் மாறியது? லண்டன் ரயிலில் அலுவலகம் போகும் மனிதர், மந்திரவாதிச் சிறுவனின் படத்தை நாலு பேர் பார்க்க மடியில் விரிக்கக் கூசினார். தகுதியான நாவலை வாசிப்பவர் யாரும் மாற்று அட்டை கேட்பதில்லை. பெரியவர்கள் இனிப்பும்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அதற்காக அதைச் சோறு என்று பரிமாறாதீர்கள்.

காரைதீவு ரீச்சர்:
சிறுவர் நூல் என்றால் என்ன என்பதை முதலில் இருவரும் சொல்லுங்கள். பிள்ளைக்காக எழுதப்பட்டதா, பிள்ளைகள் வாசிப்பதா? அது தெரியாமல் எதைப் பற்றி வாதிடுகிறீர்கள்?

1947இல் தொடங்கிய அம்புலிமாமா எங்கள் வீட்டுக்கு மாதந்தோறும் வரும். முதலில் பிரிப்பவர் அப்பா. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கிய பிறகுதான் இதழ் எங்கள் கைக்கு வரும். 1978 சூறாவளியில் கூரை போனது. மறுநாள் நனைந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வேலிக் கம்பியில் காயப் போட்டவர் அப்பாதான். பிள்ளைகளாகிய நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

படுவான்கரையான்:
ரீச்சர், வரைவிலக்கணம் பிறகு பார்ப்போம். முதலில் இவருடைய அட்டைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அட்டை விற்பவனின் வேலை. அதற்கு வாசகன் ஏன் தலைகுனிய வேண்டும்? கூச்சம் புத்தகத்தில் இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து முகம் சுளிக்கும் உங்களைப் போன்றவர்களால் வந்தது. 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் டைம்ஸ் சிறுவர் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியதே, ஏன்? பொதுப் பட்டியலில் ஹரி பொட்டர் பாகங்கள் மேலே ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தன. பெரியவர்களின் நாவல்களுக்கு இடம் இல்லை என்று பதிப்பாளர்கள் முறையிட்டார்கள். ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் சிறுவர்களுக்கு எழுதிய முத்தொடரில் கடைசிப் பாகம், பிரித்தானியாவின் 2001க்கான விட்பிரெட் இலக்கிய விருதில் ஆண்டின் சிறந்த நூலாகத் தெரிவானது. ஒரு சிறுவர் நூலுக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த நடுவர்களுக்கும் மீசை முளைக்கவில்லையா?

மறுபடி சொல்கிறேன்: ஓர் எழுத்தும் மாறவில்லை.

கோட்டமுனை வாசகன்:
பட்டியலையும் விருதையும் நான் கேட்கவில்லை. அட்டை ஏன் மாறியது என்று கேட்டேன். நீங்கள் கொண்டுவந்த பத்திரிகையே அதைச் சிறுவர் நூல் என்று பிரித்துத் தனியே வைத்தது. என் கட்சிக்குச் சாட்சி தேடித் தந்திருக்கிறீர்கள்.

ரீச்சர், வேதாளக் கதைகளை 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் காஷ்மீரத்து அரசி சூரியமதிக்காக எழுதிய கதாசரித்சாகரத்தில் காணலாம். அவை பெரியவர்களின் கதைகள்; பிற்காலத்தில் பிள்ளைகளிடம் வந்தன. உங்கள் அப்பா வாசித்தது பெரியவர் இலக்கியம்தான்.

காரைதீவு ரீச்சர்:
என் அப்பாவை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள். அரசிக்காக எழுதியதை ஏழு வயதுப் பிள்ளை ரசிக்கலாம் என்றால், பிள்ளைக்காக எழுதியதை அரசி ரசிப்பதில் உங்களுக்கு என்ன நட்டம்? என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றான்:
1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அன்று வாசித்த பையன்களுக்கு இன்று தலை நரைத்துவிட்டது. இன்னும் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு யாரும் வேறு அட்டை போட்டுக் கொடுக்கவில்லை.

கோட்டமுனை வாசகன்:
புத்தகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் படக்கதையைக் கொண்டுவராதீர்கள்.

அக்கரைப்பற்றான்:
கல்முனைக்குத் தெற்கே இருந்து யார் பேசினாலும் மட்டக்களப்பு நகரத்தாருக்குக் காதில் விழாது. யாழ் நூல் தந்த விபுலானந்தர் பிறந்த காரைதீவு எங்கள் அம்பாறை மாவட்டம். வாசிப்பைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கோட்டமுனை வாசகன்:
சுவாமி பிறந்தது 1892இல். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். அவர் பிறந்ததும் மறைந்ததும் மட்டக்களப்பாராகத்தான்.

படுவான்கரையான்:
மாவட்டத்தைப் பிறகு பிரியுங்கள். இதுவரை வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், இனி முடியாது.

கோட்டமுனையாரே, ஹரி பொட்டரின் மூன்றாம் பாகத்தை என்னிடம் இரவல் வாங்கியது யார்? பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கினீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அப்போது பால்குடி. இரண்டு மாரி கழிந்துதான் புத்தகம் திரும்பி வந்தது. கடைசி அத்தியாயத்தில் மட்டக்களப்பு–கல்முனை பஸ் டிக்கெட் செருகியிருந்தது. பின்பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டம். அட்டை தெரியாதபடி பழைய பத்திரிகைத் தாளில் உறை வேறு! பஸ்ஸில் கூசியவர் லண்டன்காரர் அல்ல. கூசினாலும் கடைசிப் பக்கம் வரை விடவில்லையே! அந்த இன்பத்தைத்தான் மேடையில் ஒருவர் இகழ, நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கோட்டமுனை வாசகன்:
இரவல் நூல் அழுக்காகக் கூடாது என்று உறை போட்டேன். அது நல்ல பழக்கம். உங்களிடம் இல்லாத பழக்கம். என்னிடம் வாங்கிய சிறுகதைத் தொகுப்பை முதுகு கிழிந்தபடி கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் பாகத்தை வாசித்தவள் அக்காவின் மகள். களுவாஞ்சிக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வகுப்புக்கு வந்தவள்.

படுவான்கரையான்:
முதலில் பிள்ளை, இப்போது மருமகளா? தொகுப்பின் முதுகு நீங்கள் தரும்போதே விட்டிருந்தது. அதை நான்தான் பசை வைத்து ஒட்டித் தந்தேன்.

கோட்டமுனை வாசகன்:
பொய். கிழிந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. படம் எடுத்துப் போடுகிறேன். அட்டை ஏன் மாறியது என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

படுவான்கரையான்:
பதில் மூன்று தடவை சொல்லியாயிற்று. ஓர் எழுத்தும் மாறவில்லை. படத்தைப் போடுங்கள், பசை தெரிகிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

அக்கரைப்பற்றான்:
காரைதீவு இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது? அதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள்.