ராத்திரி ரேடியோவில் கேட்டு இன்னும் மனதை விட்டுப் போகாதது எது?

பழைய_வால்வு:
சனிக்கிழமை ஒன்பதரை மணி, அகில பாரத இசை நிகழ்ச்சி. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாடுபவர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார்கள். பெண் குரல், காம்போஜி ராக ஆலாபனை. மேல் காந்தாரம் என்ற உச்ச ஸ்வரத்தில் போய் நின்றார், கரண்ட் போய்விட்டது. இருட்டில் நான் எழுந்தேன். அப்பா, "இருடா, இன்னும் இறங்கல" என்றார். கையைத் தொடையில் வைத்தபடி அவர் காத்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கரண்ட் வந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. பாடியது யார் என்று இன்றுவரை தெரியாது.

காகலி:
காம்போஜிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஸநிபதஸ என்ற பிடி, அதாவது அந்த ராகத்துக்கே உரிய ஸ்வர வரிசை, வந்ததா? அதில் காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த 'நி', விழுந்தால்தான் காம்போஜி. இல்லையென்றால் அதன் தாய் ராகமான ஹரிகாம்போஜியாகக்கூட இருக்கலாம். பெயரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அப்போது வந்துகொண்டிருந்த 'வானொலி' இதழில் நிகழ்ச்சி நிரல் முழுவதும் அச்சானது, பழைய நூலகங்களில் தேடுங்கள். வருடம் ஞாபகம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம், வீட்டில் பழைய கேசட் இருந்தால் படுக்க வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், காந்தம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது, ஹெட்டும் போய்விடும். என் அனுபவம்: மாமா ஹார்மோனியக்காரர். 1940லிருந்து 1971 வரை வானொலியில் அந்தப் பெட்டிக்குத் தடை. ரேடியோவைப் போட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

பழைய_வால்வு:
ஐயா, கேசட்டே இல்லை. கரண்ட் போனது என்றுதானே எழுதினேன்.

மேலத்தெரு:
மாமா வாசலுக்குப் போனதை இரண்டே வரியில் முடித்துவிட்டு, பூஞ்சைக்கு இத்தனை வரியா!
எனக்கு நாடகம். குதிரை வந்தால் அது கொட்டாங்கச்சி என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆச்சியை ஏமாற்ற முடியாது. ஆனால் அன்று நாடகத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, மூன்று தட்டு. ஆச்சி எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அதே நாடகம் கேட்கிறது. மூன்றாம் வீட்டு ஆச்சியும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கடைசிப்பெஞ்சு:
எங்கள் தமிழையாவுக்குப் பத்து நிமிடப் பேச்சு. அப்போதெல்லாம் எழுதிக் கொடுத்து, எழுதியபடியே படிக்க வேண்டும். துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே சிவப்பு விளக்கு. தாள் சரசரக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார், கடைசித் தாள் மேஜைக்குக் கீழே போய்விட்டது. குனிந்தால் மைக்கை விட்டு விலக வேண்டும். ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு வகுப்பில் பேசுகிற அதே குரலில், கையை ஆட்டிக்கொண்டு, தாள் இல்லாமலே முடித்தார். அதுவரை படித்ததைவிட அது நன்றாக இருந்தது. வெளியே வந்ததும் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.
பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டார்: "தாள் விழுந்த சத்தம் கேட்டிருக்குமோடா?"