பீடோங் (கெடா, மலேசியா) குடும்பம்: தாத்தா 16ஆம் நாள் காரியம்

கவிதா: நினைவு அட்டை வரைவு. “1946-இல் தொண்டர் படை அசைவில் சேர்ந்தவர்.” பார்த்துச் சொல்லுங்கள். 5 மணிக்கு அச்சகம்.

முருகன் சித்தப்பா: அசைவா??

செல்வி அத்தை: இலை 200 போதுமா?

கவிதா: மூவ்மெண்ட் என்று போட்டேன் சித்தப்பா. கைப்பேசி இப்படி மாற்றிக் கொடுத்தது.

பெரியப்பா: கவிதா, அதற்குத் தமிழில் ஒரே சொல் போதாது. வயிற்றுப் பிள்ளைக்கு அசைவு. சதுரங்கக் காய்க்கு நகர்வு. தெருவில் ஆளுக்கு நடமாட்டம். ஒரு காரியத்துக்காக ஊரே சேர்ந்து கிளம்பினால் இயக்கம். கோவிட்டுக்காக 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டார்களே, ஆங்கிலத்தில் அதுவும் மூவ்மெண்ட்தான். அது வீட்டுக்குள் இரு என்றது. அப்பா சேர்ந்தது தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியே வா என்றது.

தேவி அக்கா: எனக்கும் அசைவு எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

செல்வி அத்தை: குறைந்திருக்கிறதா? அப்படியென்றால் இப்போதே கிளினிக் போ. நாளைக்கு என்று தள்ளாதே.

தேவி அக்கா: இல்லை அத்தை. உதை தாங்க முடியவில்லை.

பெரியப்பா: இங்கே ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கியது தொண்டர் படை. கள் கூடாது என்பதுதான் முதல் பேச்சு. அப்பாவுக்கு அப்போது 14 வயது. மூங்கில் கழியைத் தோளில் சாத்தி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அணியாக நடப்பார்களாம். 1947-இல் பீடோங் தவறணை (கள்ளுக்கடை) முன்னால் கூடியவர்களைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. அதையும் அட்டையில் போடு.

முருகன் சித்தப்பா: அண்ணே, தவறணை வேண்டாம்.

ரவி மாமா: சின்னத் தாத்தா பிள்ளைகள் வருகிறார்களா?

செல்வி அத்தை: வருகிறார்கள். நான்தான் பேசினேன்.

ரவி மாமா: 12 வருடம் கழித்து!

முருகன் சித்தப்பா: சின்னத் தாத்தா பின்னாளில் தவறணையில் கணக்கு எழுதியவர். காரியத்தன்று அட்டையைக் கையில் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?

பெரியப்பா: அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே. சம்பள நாளில் அப்பாயி அப்பாவைத் தவறணை வாசலில் நிற்க வைப்பாராம். தன் அப்பன் வேட்டி மடிப்பில் காசு தீர்வதற்குள் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். அந்தப் பையன்தான் கழியைத் தூக்கினான். தவறணையை எடுத்துவிட்டால் எதற்காக நடந்தார் என்று தேவி பிள்ளைக்கு யார் சொல்வது?

தேவி அக்கா: போடுங்கள் பெரியப்பா.

முருகன் சித்தப்பா: முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம்.

செல்வி அத்தை: நான் கேட்க மாட்டேன். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

கவிதா: இயக்கம் என்று மாற்றிவிட்டேன். தவறணை வரி?

முருகன் சித்தப்பா: பொறு.

கவிதா: மணி 4:40 சித்தப்பா.

செல்வி அத்தை: இலை 250 சொல்லிவிட்டேன். வாழைக்காய் யார் பொறுப்பு?