சட்டம் படித்த சுகாதார அமைச்சர் இருந்த கொரோனா காலத்தில் ஆர்மேனியாவில் இருந்தவர்கள் உண்டா? (அனுபவப் பகிர்வு)

எரெவான் மாணவி

எங்கேயாவது எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக உறுத்துகிறது. 2021 அக்டோபர் 1 முதல், தடுப்பூசி போடாத ஊழியர்கள் 14 நாளுக்கு ஒருமுறை சொந்தக் காசில் பிசிஆர் (கொரோனா பரிசோதனை) எடுத்து வேலையிடத்தில் காட்ட வேண்டும் என்று சுகாதார அமைச்சர் அனாஹித் அவனேசியான் போட்ட உத்தரவு நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்கார அம்மா பள்ளி ஆசிரியை. ஊசி வேண்டவே வேண்டாம் என்பவர். ஒரு ராத்திரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து டிராம் (ஆர்மேனியப் பணம்) நோட்டுகளை எண்ணி, பிசிஆருக்கு என்று தனிக் கவரில் போட்டார். கவரை நாவால் ஈரப்படுத்தி ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். "அமைச்சர் சட்டம் படித்தவள். நீ டாக்டருக்குப் படிக்கிறாய். நீ சொல், போட்டுக்கொள்ளட்டுமா?"

நான் அப்போது நான்காம் ஆண்டு. தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். "உங்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

துபாய் வழி

நான் அதற்கு முன்பே, மே மாதம் போனவன். ஏப்ரல் கடைசியில் இந்தியாவிலிருந்து நேரே துபாய்க்குப் போகும் வழி அடைபட்டது. ஆர்மேனியத் தலைநகர் எரெவானில் 14 நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். நகர் நடுவில் தடுப்பூசி வண்டி நிற்கும், வெளிநாட்டுக்காரர்களுக்கும் இலவசம். 10 நாள் தங்கியிருந்தால்தான் போடுவோம் என்ற கட்டுப்பாடெல்லாம் ஜூலையில் வந்தது.

நர்ஸ் என் பாஸ்போர்ட்டைப் பிரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தை விரலால் தட்டினார். அது காலி. குடும்பப் பெயர்கள் 'யான்' என்று முடியும் ஊரில் நம் இனிஷியல் கணக்கை எந்த பாஷையில் சொல்வது? பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில் என் பெயரையே இரண்டு தடவை எழுதிக்கொண்டு ஆஸ்ட்ராசெனகா போட்டுவிட்டார். பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றபோது அம்மா ஞாபகம். ஊரில் மூன்று நாளாக மையத்துக்கு நடந்து, 'ஸ்டாக் இல்லை' என்று திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைக்காதது எனக்கு அந்நிய ஊரில் கேட்டதும் கிடைத்தது. இன்றைக்கும் சமாதானம் ஆகவில்லை.

ஓட்டல்காரன்

மாணவித் தங்கச்சிக்கு. அந்த அம்மா சொன்னதை மறுக்காமல் விட்டது தப்பு. முந்தைய அமைச்சர் ஆர்சென் தொரோசியான் டாக்டர்தான். 2018இல் ஆட்சியை மாற்றிய மக்கள் புரட்சிக்குப் பிறகு அவருக்குக் கீழே துணை அமைச்சராக இருந்து வேலை பழகித்தான் அவனேசியான் 2021 ஜனவரியில் அந்த இடத்துக்கு வந்தார். நேரே கோர்ட்டிலிருந்து வந்தவர் போலப் பேசக் கூடாது.

என் கதை சின்னது. 2022 மார்ச் 15 முதல் ஓட்டல், கஃபேக்களில் புகைக்கத் தடை, வெளியே போட்ட மேஜைகளிலும்தான். அன்று ஆஷ்டிரேக்களை எல்லாம் ஒரு வாளியில் அள்ளிக் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். ராத்திரி அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினால் வெங்காய வாடை மட்டும். சிகரெட் கெடுதல் என்று எந்த டாக்டருக்குத் தெரியாது? 2020இல் அதைச் சட்டமாக எழுதி, அப்புறம் அபராதம் போட ஆள் வந்ததால்தானே என் நெஞ்சுக்கு நிம்மதி!

புதிதாகப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை ஆர்மேனிய மொழியில் பெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கி வைத்தால் பல இடத்தில் உதவும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம், அதில் மருந்தின் வேதிப்பெயர் இருக்க வேண்டும், நம்மூர் பிராண்டு பெயர் அங்கே புரியாது. ஆன்டிபயாட்டிக் சும்மா கேட்காதீர்கள். மருந்துப் பெயரை ரஷ்ய எழுத்திலும் எழுதி வையுங்கள், வயதான மருந்துக்கடைக்காரர்களுக்கு அது சுலபம். பனிக்காலத்துக்கு...

எரெவான் மாணவி

அண்ணா, பனிக்காலம் எனக்குத் தெரியும். அமைச்சர் தகுதியைப் பற்றியும் நான் கேட்கவில்லை. ஒருவர் என்னை நம்பிக் கேட்டார், தெரிந்த பதிலை நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

டிசம்பர் 1இல் 14 நாள் 7 நாளாயிற்று. கவருக்குள் நோட்டும் கூடிற்று. அவர் என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. ஜனவரியில் ஒரு மாலை, பனி ஒட்டிய கோட்டோடு உள்ளே வந்தார். இடது தோளைத் தடவிக்கொண்டே அடுப்பில் காபிக் கிண்ணியை வைத்தார். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். நானும் எதுவும் கேட்கவில்லை.