பெரிய சொத்த தானமா குடுக்க எது சரியான வழி?

எங்க முதலாளி பிள்ளைங்களுக்கு வேணுங்கிறத ஒதுக்கிட்டாரு, மீதி பல நூறு கோடியையும் குடுத்துடணும்னு முடிவு பண்ணிட்டாரு, எப்படின்னு யோசிச்சு சொல்லுன்னு எங்கிட்ட கேட்டிருக்காரு. ட்ரஸ்ட் வெச்சு முதலத் தொடாம வட்டில மட்டும் காலாகாலத்துக்கும் செய்யறதா, இல்ல அவர் இருக்கும்போதே மொத்தமா குடுத்து முடிச்சிடறதா? ராத்திரி தூக்கமே வரல, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
இருக்கும்போதே குடுக்கச் சொல்லுங்க. ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீ கடைல சம்பாதிச்ச சக் ஃபீனி 1982ல அறக்கட்டளை ஆரம்பிச்சாரு, கம்பெனில தன் பங்க கிட்டத்தட்ட மொத்தமா அதுக்கு எழுதி வெச்சிட்டாரு, பல வருஷம் யாருக்கும் தெரியாது. 800 கோடி டாலருக்கு மேல குடுத்து 2020ல அறக்கட்டளையவே மூடினாங்க. அவர் கைல கட்டியிருந்தது மலிவான கேசியோ வாட்ச்.

பதில் 2:
எல்லாத்துக்கும் அது பொருந்தாதுங்க. நோபல் 1895ல உயில் எழுதினாரு, 1901லருந்து இன்னைக்கு வரைக்கும் அந்தப் பணம் பரிசு குடுத்துட்டு இருக்கு. வருஷா வருஷம் நடக்கணும்னா முதல் இருக்கணும். ஆனா பசி, நோய், படிப்புன்னா காத்திருக்கக் கூடாது, இன்னைக்கு படிக்காம விட்ட குழந்தைக்கு முப்பது வருஷம் கழிச்சு வர்ற வட்டி எதுக்கு?

பதில் 3:
நான் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல கணக்கு பாக்கறேன். ஒருத்தர் கம்ப்யூட்டர் வாங்க மட்டும்னு பணம் குடுத்தாரு, சொல்லித்தர ஆளுக்கு சம்பளம் குடுக்க அதுல இடமில்ல, பெட்டியெல்லாம் டேப் கூட பிரிக்காம ஏழு மாசம் ஸ்டோர் ரூம்லயே கெடந்துச்சு, நான்தான் தூசி தட்டுவேன். அதனால ஆளை நல்லா விசாரிங்க, நம்பினா நிபந்தனை போடாம குடுங்க. அமேசான் ஜெஃப் பெஸோஸோட முன்னாள் மனைவி மெக்கன்ஸி ஸ்காட் அப்படித்தான் குடுக்கறாங்க, எதுக்கு செலவு பண்ணணும்னு அந்தந்த அமைப்பே முடிவு பண்ணிக்கலாம்.

பதில் 4:
சியர்ஸ்ங்கிற பெரிய அமெரிக்க கடை கம்பெனிய நடத்தின ஜூலியஸ் ரோஸன்வால்டயும் பாருங்க. அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினக் குழந்தைங்களுக்கு கிட்டத்தட்ட 5,000 பள்ளிக்கூடம் எழும்ப பணம் குடுத்தாரு, முழுசா இல்ல, அந்தந்த ஊர் ஜனங்களும் காசு, நிலம், உழைப்புன்னு போட்டாங்க, அதனால அது அவங்க பள்ளிக்கூடமா ஆச்சு. தான் செத்து 25 வருஷத்துக்குள்ள நிதிய செலவழிச்சு முடிக்கணும்னும் சொல்லிட்டுப் போனாரு, 1932ல இறந்தாரு, 1948லயே முடிச்சிட்டாங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த பிரிக்காத பெட்டி விஷயத்த நாளைக்கு அவர்கிட்ட முதல்ல சொல்லப் போறேன். கால வரம்பு எத்தன வருஷம்னு அவரே வாயால சொல்லட்டும்.