சர்வர் கணித்துத் தரும் புரதப் பிணைப்பு ஆய்வேடாகுமா?

செக்கானூரணி:
திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் நடத்துகிறேன். நாகப்பாம்பு நஞ்சின் ஒரு புரதத்தை ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) எந்த இடத்தில் பிடிக்கும் என்று என் மாணவி, இரு புரதங்கள் எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் கிளஸ்புரோ இணையதளத்தில் கணித்து ஆய்வேடு எழுதினாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், "இணையதளம் செய்த வேலைக்கு உனக்கு எதற்குப் பட்டம்?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை அழாத குறை. எங்களிடம் உருப்படியான குளிர் சென்ட்ரிஃபியூஜ்கூட இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தருவதைப் பயன்படுத்தினால் என்ன குற்றம்?

நாகமலை:
கேட்ட விதம் தவறு. கேள்வி தவறில்லை, ஐயா. கிளஸ்புரோவிடம் எதை அனுப்பினாலும் விடை வரும், அதுதான் வம்பு. பார்னேஸ், பார்ஸ்டார் என்ற இரு புரதங்களும் இறுகப் பிணைபவை என்பது ஊரறிந்த செய்தி. பார்ஸ்டாரை எடுத்துவிட்டுச் சம்பந்தமே இல்லாத ஹீமோகுளோபினை வைத்து அனுப்புங்கள். அப்போதும் மாதிரிகள் வண்ணப்படங்களோடு வந்து சேரும். கல்யாணத் தரகர் எந்த ஜாதகத்தைத்தான் பொருந்தாது என்று திருப்பித் தந்திருக்கிறார்? இரண்டும் சேரும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, எப்படிச் சேரும் என்பதை மட்டுமே அது தேடுகிறது.

இன்னொன்று. மைனஸ் 800 என்று தளம் தரும் ஆற்றல் மதிப்பெண்ணைப் பார்த்ததும் "மிக வலுவான பிணைப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் பிணைப்பின் வலிமையைக் காட்டாது என்று தளத்தாரே எச்சரித்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? நான் திருத்திய ஓர் ஆய்வேட்டில், விசைகளுக்கு வெவ்வேறு முக்கியத்துவம் கொடுத்துத் தளம் தந்த நான்கு மாதிரித் தொகுப்புகளில் நீர்விலக்கு விசைக்கு முன்னுரிமை தந்ததை எடுத்திருந்தார்கள். காரணம் கேட்டேன். படம் நன்றாக இருந்ததாம்.

உசிலம்பட்டியான்:
இன்னும் கிளஸ்புரோவா? 2024 மே மாதமே, புரத வடிவத்தைக் கணிக்கும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு ஆல்ஃபாஃபோல்டு 3 வந்தாயிற்று. அமினோ அமில வரிசையை ஒட்டினால் போதும், இரண்டும் சேர்ந்த வடிவம் கைக்கு வந்துவிடும். அந்த ஆண்டு வேதியியல் நோபலில் பாதி ஆல்ஃபாஃபோல்டு செய்தவர்களுக்குத்தான். திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்க்கிற பழைய முறையெல்லாம் அருங்காட்சியகத்துக்கு!

நாகமலை:
தம்பி, எதிர்ப்பொருள் விஷயத்தில் நிதானம் வேண்டும். அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே எதிர்ப்பொருள் இணைகளுக்கு வெவ்வேறு தொடக்க எண்களை (சீட்) வைத்து ஆயிரம் தடவை வரை ஓட்டித்தான் நல்ல விடையைப் பிடித்தார்கள். நமக்குத் திறந்துவிட்ட சர்வர் ஒரு தடவைக்கு ஐந்து மாதிரிகள் தருகிறது. இரண்டும் சேரும் விதத்தை எவ்வளவு நம்பலாம் என்று அதுவே தரும் மதிப்பெண்தான் ஐபிடிஎம்; அது 0.8க்கு மேலே என்றால் நம்பலாம், 0.6க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தோல்வி, நடுவில் வந்தால் உங்கள் பாடு.

செக்கானூரணி:
என் மாணவி படத்தைப் பார்த்து எடுத்தவள் அல்ல. ஒரு புரதத்தை அசைக்காமல் வைத்து, மற்றதை ஏறத்தாழ 70,000 கோணங்களில் திருப்பி, ஆற்றல் குறைந்த 1,000 நிலைகள் எந்த இடத்தில் அதிகம் மொய்க்கின்றன என்று பார்த்தே கிளஸ்புரோ வரிசைப்படுத்துகிறது. இதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். எதிர்ப்பொருளுக்கென்றே உள்ள முறையைத் தேர்ந்து, எதிர்ப்பொருளில் நஞ்சைப் பிடிக்கும் வளையங்களைத் தவிர மற்றப் பகுதியை மறைத்தும் அனுப்பியிருக்கிறாள். வெளிவராத கட்டமைப்புகளை வைத்துக் கணிப்பு முறைகளைச் சோதிக்க 2001 முதல் நடக்கும் காப்ரி தேர்வில் கிளஸ்புரோ நல்ல பெயர் எடுத்த சர்வர். சோதனைக்கூடம் உள்ளவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டுமா?

திருப்பரங்குன்றம்:
இதே வேலைக்கு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் ஹாடாக் சர்வரையும் பார்க்கலாம். எந்த அமினோ அமிலங்கள் தொடர்பில் இருக்கின்றன என்ற சோதனைத் தகவலைக் கொடுத்தால் தேடலை அங்கே செலுத்தும். தகவல் தப்பு என்றால் தப்பான இடத்துக்கே இழுத்துப் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிணைகிறதா என்று மட்டும் அறிய எலிசா என்ற ஆய்வகச் சோதனை போதும். அதற்கான கருவி பல கல்லூரிகளில் உறை போட்டு மூடியே கிடக்கிறது.

நாகமலை:
மறைத்து அனுப்பினாள் என்றால் விவரம் தெரிந்த பிள்ளைதான். ஆனாலும் ஒப்பீடு எங்கே? வடிவம் தெரிந்த ஓர் எதிர்ப்பொருள் இணையை, புரத வடிவங்களின் பொதுத் தரவுத்தளமான புரத வங்கியிலிருந்து எடுத்து, பிரித்து, அதே முறையில் அனுப்பட்டும். பழைய இடத்திலேயே எத்தனை ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து உட்காருகிறது என்று காட்டட்டும். பொருந்தாத ஓர் இணையையும் பக்கத்தில் வைக்கட்டும். இதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம், ஒரு வார இறுதி போதும். அது இல்லாதவரை இதை முடிவு என்று நான் ஏற்க மாட்டேன்.

செக்கானூரணி:
இந்த இரண்டையும் சேர்க்கச் சொல்கிறேன். இது ஆய்வே அல்ல என்று சொன்னதை மட்டும் நான் ஏற்பதாக இல்லை.

உசிலம்பட்டியான்:
அப்படியே ஆல்ஃபாஃபோல்டிலும் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள், ஐயா. கூகுள் கணக்கு இருந்தால் போதும்.

செக்கானூரணி:
போன மாதமே ஓட்டிவிட்டாள், தம்பி. ஐபிடிஎம் 0.41. அதையும் மறைக்காமல் நான்காம் அத்தியாயத்தில் போட்டிருக்கிறாள்.