புதுப்பிப்பு: ஐஸ் ஆகர் சுற்றுகிறது, இறங்கவில்லை என்ற கேள்விக்கு

எஞ்சின் நன்றாக ஓடியும் ஆகர் (உறைந்த ஏரியின் ஐஸில் துளை போடும் கருவி) ஐஸ் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருந்தேன். கோளாறு பிளேடில்தான். ஐஸில் உறைந்திருந்த மணல் பட்டு வெட்டும் முனையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன.

பிளேடுகளை ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதென்றால் ஆகர் குதிக்கும். முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கையால் அரம் போடுவது பெரும்பாலும் வீண்: கோணம் சற்று மாறினாலும் பிளேடின் அடிப்பக்கம் உரசி, முனையைக் கடிக்கவிடாது.

பிளேடில் ஒட்டிய ஐஸைத் தட்டி உதிர்க்காதீர்கள், முனை போய்விடும். துளையில் உள்ள தண்ணீரில் முக்கினாலே இளகும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்று கேட்டவருக்கு: 50:1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில், 40:1 என்றால் 125. சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பழைய பெட்ரோல் தங்கினால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) அடைத்துக்கொள்ளும்.